ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்புவதற்கு முன்னால்: செங்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் தெருவில் ஸ்காலர்ஷிப் பேச்சும் ஆரம்பித்துவிடும். ப்ளஸ் டூ முடித்தவர்களில் சிலர் தென்காசிப் பக்கம் சேருவார்கள், சிலர் ரயிலேறி மலை தாண்டிக் கேரளத்துப் புனலூருக்குப் போவார்கள், எல்லாரும் ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். அம்மா சுற்றிய பீடியில் படித்தவள் நான், அதனால் ஒருவரையும் திருப்பி அனுப்ப மனசு வராது. இத்தனை வருடத்தில் மார்க் குறைந்து பணம் போனதைவிட, தாள் சரியில்லாமல் பணம் போனதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எனவே தாளில் இருந்து தொடங்குவோம்.

முதலில் ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் மூன்றையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா? ஒன்றில் ‘மு. செல்வி’, இன்னொன்றில் ‘செல்வி முருகன்’ என்று இருந்தால் இன்றைக்கே திருத்தப் போங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான், ஆனால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும், கடைசி வாரத்தில் போய் நின்றால் கிடைக்காது.

அடுத்து, எதற்கு விண்ணப்பிப்பது. இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் பொதுவாக ஒருவருக்கு ஒரு மத்திய உதவித்தொகைதான்.

ப்ளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் சென்ட்ரல் செக்டார் ஸ்காலர்ஷிப் இருக்கிறது. பட்டப்படிப்புக்கு முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000 ரூபாய். 80 பெர்சன்டைல் என்று எழுதியிருப்பதைப் பார்த்து 80 மார்க் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது இல்லை. உங்கள் போர்டில் உங்கள் பிரிவில் எழுதியவர்களை வரிசையாக நிறுத்தினால் மேலே உள்ள 20 சதவீதத்துக்குள் நீங்கள் வர வேண்டும். அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் இன்னொரு வழி உண்டு. பி.எஸ்சி., பி.காம். போன்றவற்றுக்கு ஆண்டுக்கு 6,000, இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புக்கு 25,000. ஆக, பி.எஸ்சி. பிள்ளைக்கு முதலாவதுதான் லாபம், பி.இ. பிள்ளைக்குப் பீடிக் கார்டுதான் லாபம். பி.இ. சேருவது பெண் பிள்ளையாக இருந்து, கல்லூரி ஏ.ஐ.சி.டி.இ. என்ற தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றது என்றால், அவர்களுடைய பிரகதி திட்டத்தைப் பாருங்கள்: ஆண்டுக்கு 50,000, குடும்ப வருமானம் எட்டு லட்சம் வரை இருக்கலாம்.

இவை தவிர, ஆறில் இருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களைத் தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர்ந்த அன்றே ஆபீஸில் கேளுங்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் கிடைக்கும். ஆனால் ஆறாவது ஏழாவதை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில் ஆச்சி வீட்டில் இருந்து படித்தவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர், பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கமும்தான், அதனால் ‘அக்கா, நான் எந்த மாநிலம் போட?’ என்று கேட்காத வருடமே இல்லை. கல்லூரி புனலூரில் இருக்கட்டும், வீடு செங்கோட்டை என்றால் இருப்பிட மாநிலம் தமிழ்நாடுதான். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகையும் சொந்த மாநிலம் வழியாகத்தான் வரும், வருமான வரம்பு இரண்டரை லட்சம். கேரள அரசின் உதவித்தொகைத் தளமான இ-கிராண்ட்ஸில் கூடப் படிக்கும் பிள்ளைகள் பதிவதைப் பார்த்து நீங்களும் பதிந்து நாட்களை வீணாக்காதீர்கள்.

சரி, இப்போது மத்திய உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கும் தளமான நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல். முதலில் ஓ.டி.ஆர். என்ற ஒருமுறைப் பதிவு, ஆதார் வைத்து 14 இலக்க எண் தருவார்கள், படிப்பு முடியும்வரை அதே எண்தான். கட்டணம் எதுவும் கிடையாது, யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பட்டியலில் கல்லூரி பெயர் வரவில்லையென்றால் கல்லூரி ஆபீஸில் ஏ.ஐ.எஸ்.எச்.இ. கோடு (கல்லூரிக்கான அடையாள எண்) கேட்டு அதை வைத்துத் தேடுங்கள்.

பேங்க் விஷயத்தில் நான் அழுதிருக்கிறேன். பணம் ஆதார் வழியாக வருகிறது, அதாவது கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை சீடிங் (இணைப்பு) செய்தீர்களோ அங்கேதான் போகும். இரண்டாம் வருடம் வேறொரு பேங்கில் கணக்கு தொடங்கி, அவர்கள் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அதில் ஆதார் புதுக் கணக்குக்கு மாறியது தெரியாமல் பழைய பாஸ்புக்கையே மாதக்கணக்கில் பதிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், புதுக் கணக்கோ முடங்கிக் கிடந்தது, பணம் திரும்பிப் போய்விட்டது. மை ஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு உள்ளே போனால் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் என்று இருக்கும். அங்கே எந்த பேங்க் பெயர் இருக்கிறது, ஆக்டிவ் என்று காட்டுகிறதா, இரண்டையும் பாருங்கள்.

ஃபாரம் அனுப்பியதோடு வேலை முடியாது. கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பாளர் இருப்பார், அவர் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் நகரும். பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரில் போய் நில்லுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை ஸ்டேட்டஸ் பாருங்கள், குறை சொல்லித் திருப்பியிருந்தால் கடைசித் தேதிக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவும் வேண்டும், சென்ட்ரல் செக்டாருக்கு 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் கேட்பார்கள். அந்தப் பிரிண்டை அம்மாவின் பீடிக் கார்டு இருக்கும் கவரிலேயே போட்டு வையுங்கள், அடுத்த சாரலுக்கு அந்த ஓ.டி.ஆர். எண் வேண்டும்.