வெங்காயம் உரிக்கும்போது பேசினேன்

ஆறாம் வகுப்பு முடித்த லீவில் என் மகன் புதுப்படத்தை ஓசியில் பார்க்கத் தேடியிருக்கிறான். பிளே பட்டனைத் தொட்டதும் ஆபாச வீடியோ திறந்துகொண்டது. போனைத் தரையில் கவிழ்த்துவிட்டு வெளியே ஓடிவிட்டான். எடுத்துப் பார்த்த நான் செய்தது தப்பு: கத்திவிட்டு, போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் அவன் என் முகத்தையே பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கால் கிலோ சின்ன வெங்காயத்தை அவன் முன்னால் வைத்து, "உரிச்சுக் குடுடா" என்று நானும் உட்கார்ந்தேன். இந்தப் பேச்சுக்கு இதைவிடத் தோதான வேலை இல்லை. முகம் பார்க்க வேண்டியதில்லை. கண் கலங்கினாலும் வெங்காயத்தின் மேல் பழி போடலாம்.

"என்ன பார்த்த?" என்று தொடங்கினால் போலீஸ் விசாரணை ஆகிவிடும். "அன்னைக்குப் பயந்துட்டியா? அது உன் தப்பு இல்ல, அந்த மாதிரி சைட்ல தானா திறக்கும்" என்றேன். நாலைந்து வெங்காயம் உரித்த பிறகு கேட்டான்: "அந்த அக்காவுக்கு வலிக்காதாம்மா?"

மழுப்பவில்லை. "வலிச்சிருக்கலாம்டா. அதுல நிறைய, காசுக்காக நடிக்கிறதுதான், சினிமா சண்டை மாதிரி. சிலதை மிரட்டியும் எடுப்பாங்க. நிஜத்துல ரெண்டு பேருக்கும் சம்மதம் இருந்தாதான் தொடணும்." அதோடு நிறுத்திக்கொண்டேன். ஐந்து நிமிடம் போதும். மிச்சம் இன்னொரு நாள்.

அந்த இன்னொரு நாள் பேச்சு போட்டோ பற்றி. ஆன்லைன் விளையாட்டில் பழகியவர் உடம்பைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் அனுப்பாதே, அனுப்பியிருந்தாலும் வந்து சொல், போனைப் பிடுங்க மாட்டேன் என்றேன். இந்த வாக்கை மட்டும் மீறாதீர்கள். யாராவது மிரட்டினால் வந்த மெசேஜ்களை அழிக்காமல் 1098-க்கோ (குழந்தைகள் உதவி எண்) 1930-க்கோ (சைபர் குற்ற உதவி எண்) கூப்பிடுங்கள். 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தைப் பகிர்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி-படி குற்றம். "இதைப் பார்த்தியா" என்று நண்பனுக்கு ஃபார்வர்டு செய்வதும் பகிர்வதுதான்.

கூகுளில் ஆபாசத்தை வடிகட்டும் சேஃப்சர்ச் அமைப்பைப் போட்டு வையுங்கள். ஆனால் அது கூகுள் தேடலை மட்டும்தான் வடிகட்டும், வாட்ஸ்அப்பில் வருவதைத் தடுக்காது. ஆம்பளைப் பிள்ளையிடம் அப்பாதான் பேச வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டில் அவர் இன்னும் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார்.

சின்னவள் மூன்றாம் வகுப்பு. அவளுக்கு இவ்வளவு தேவையில்லை. "துணியில்லாத படம் வந்தா போனைக் கவுத்து வச்சுட்டு என்னைக் கூப்பிடு" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.