ஓசோன் ஒத்துக்கொள்ளவில்லையா? வெந்நீர்த் தொட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாட் டப் எனப்படும் வெந்நீர்த் தொட்டியில் இறங்கிச் சிறிது நேரம்கூட ஆகியிருக்காது. தொண்டை கரகரக்கும், இருமல் வரும், நெஞ்சை இறுக்கிப் பிடித்தது போல இருக்கும். வேறு சிலருக்கு அப்போது ஒன்றும் தெரியாது, மறுநாள் உடம்பெல்லாம் அரிப்பு. தண்ணீரைச் சுத்தம் செய்ய ஓசோன் வாயுவை அதில் கலக்கும் கருவி ஒன்று தொட்டியில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், இரண்டுக்கும் சேர்த்து அதன்மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். "எனக்கு ஓசோன் அலர்ஜி" என்ற தீர்ப்பும் உடனே வந்துவிடுகிறது. முதல் ஆளின் சந்தேகம் பெரும்பாலும் நியாயமானது. இரண்டாம் ஆளின் சந்தேகம் பெரும்பாலும் தவறானது. இந்த இருவரையும் ஒரே கூடையில் போடுவதிலிருந்துதான் மற்ற எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

முதலில் அந்த "அலர்ஜி" என்ற சொல்லை ஓரமாக வைத்துவிடலாம். மகரந்தமோ வேர்க்கடலையோ ஒத்துக்கொள்ளாதவர்களின் உடலில் நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு புரதத்தை எதிரி என்று தவறாக அடையாளம் கண்டு அதற்கு எதிராக அணிதிரள்கிறது. ஓசோன் விஷயத்தில் அப்படி எதுவும் நடப்பதில்லை. மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு அது. மூன்றாவது அணு எப்போது கழன்று எதன்மேல் பாயலாம் என்றே காத்திருக்கும். தண்ணீரில் உள்ள கிருமியையும் அழுக்கையும் அது சிதைப்பது அப்படித்தான். மூச்சுக்குழாயின் உட்புற ஈரப்படலத்தையும் அது அதே வேகத்தில்தான் தாக்குகிறது. ஆகவே இது எரிச்சலூட்டும் வாயுவால் வரும் பாதிப்பு. ஒவ்வாமைக்கான தோல் பரிசோதனையில் இது அகப்படாது. அலர்ஜி மாத்திரையை முன்கூட்டியே விழுங்கிவிட்டுத் தொட்டியில் இறங்குவதாலும் பயனில்லை.

அதற்காக "எல்லாம் மனப்பிரமை" என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. ஒரே காற்றைச் சுவாசிக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் மூச்சு இழுக்கும்போது வலிக்கலாம், மற்றவர் சாதாரணமாக இருக்கலாம். ஆளுக்கு ஆள் இந்த வேறுபாடு பெரிது. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் முதியவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஓசோனால் புண்பட்ட மூச்சுக்குழாய் தூசிக்கும் மகரந்தத்துக்கும் வழக்கத்தைவிட வேகமாகச் சினந்துகொள்ளும் என்பதும் தெரிந்த செய்தியே. தொட்டியில் உட்கார்ந்த மறுநாள் மட்டும் இளைப்பு கூடுகிறது என்று ஒருவர் சொன்னால் அதை நம்பலாம்.

குற்றவாளியைத் தண்ணீரில் தேடுவது

பலரும் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றி. கவலைப்பட வேண்டியது காற்றைப் பற்றி. வெப்பம் கூடக் கூட ஓசோன் தண்ணீரில் கரைவது குறையும், கரைந்ததும் விரைவில் சிதைந்துவிடும். 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும் தொட்டியில், அதுவும் வியர்வையும் தோல் எண்ணெயும் கலந்த நீரில், கரைந்த ஓசோன் அதிக நேரம் தாக்குப்பிடிப்பதில்லை. உங்கள் தோலைத் தொடும் நேரத்தில் அதில் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது.

கரையாத பங்கு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. குமிழியோடு மேலே வந்து உடைகிறது. ஓசோன் காற்றைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு கனமானது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது கிளம்பிப் போய்விடாமல் நீர்ப்பரப்பையொட்டியே தேங்கும். கழுத்தளவு நீரில் சாய்ந்து கிடப்பவரின் மூக்கும் வாயும் இருப்பது அதே உயரத்தில். திறந்த வெளியில் தொந்தரவு தராத தொட்டி, நான்கு சுவருக்குள் வைத்தவுடன் இருமலை வரவழைப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு மூடியைத் திறக்கும் விதம். இரவு முழுவதும் மூடிக் கிடந்த தொட்டி. வடிகட்டும் நேரத்தில் ஓசோன் கருவியும் ஓடியிருக்கிறது. நீருக்கும் மூடிக்கும் இடையே உள்ள அந்தக் குறுகிய இடைவெளியில் வாயு சேர்ந்திருக்கிறது. மூடியை மடித்த கையோடு குனிந்து, தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று முகர்ந்து பார்க்கிறோம். அன்றைய நாளின் மிகப் பெரிய அளவு ஓசோன் அந்த ஒரு மூச்சில் உள்ளே போய்விடக்கூடும். காற்று வரும் பக்கமாக நின்று, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திறந்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் விலகியிருந்தால் போதும். துண்டும் தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்து வர அந்த நேரம் சரியாக இருக்கும்.

மூடியைத் திறந்ததும் அதன் அடிப்பக்கத்தையும், தொட்டி விளிம்பில் தலை சாய்க்கும் திண்டுகளையும் பாருங்கள். ஓசோன் ரப்பரையும் பல பிளாஸ்டிக்குகளையும் அரிக்கும். இழுத்துக் கட்டிய ரப்பரில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குவது அதன் கைவரிசை. தலையணைத் திண்டுகளில் ஒன்று மட்டும் வெளுத்து, விறைத்து, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிறது. அதற்கு நேர் கீழேதான் ஓசோன் குமிழி வெளிவரும் துளை இருக்கிறது என்றால், அளவுமானி இல்லாமலேயே வாயு எங்கே கூடுகிறது என்று தெரிந்துவிட்டது. நான்கு திண்டுகளும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் குளோரின்தான் அதிகம் போயிருக்கிறது என்று முதலில் சந்தேகிக்கலாம். அந்தத் துளைக்கு மேலுள்ள இருக்கையை மூச்சுத் தொல்லை உள்ளவருக்குக் கொடுக்காதீர்கள்.

மூக்கை நம்புவது

மின்னல் வெட்டிய பிறகு வரும் அந்தக் கூர்மையான வாடை, ஜெராக்ஸ் இயந்திரம் நெடுநேரம் ஓடிய அறையின் வாடை: அதுதான் ஓசோன். 0.01 முதல் 0.05 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிஎம்) அளவிலேயே பலருடைய மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். வேலையிடங்களில் எட்டு மணி நேரச் சராசரிக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு 0.1 பிபிஎம். ஆக, வாடை தெரியத் தொடங்கும் அளவுக்கும் எச்சரிக்கை அளவுக்கும் நடுவில் இடைவெளி குறைவு. போதாக்குறைக்கு மூக்கு விரைவில் பழகிப்போகும். "முதலில் வாடை வந்தது, இப்போது இல்லை" என்று நிம்மதியாகச் சாய்ந்துகொள்பவரைச் சுற்றி வாயு அப்படியே இருக்கலாம்.

உடம்பும் இப்படித்தான் ஏமாற்றும். தொடர்ந்து சில நாட்கள் ஓசோனைச் சுவாசித்தால் இருமலும் நெஞ்சு இறுக்கமும் குறைந்துகொண்டே வரும்; உள்ளே அழற்சி அதே அளவுக்குக் குறைவதில்லை. "முதல் வாரம்தான் கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது" என்பது நல்ல செய்தி அல்ல.

இன்னொரு குழப்பம். நீச்சல் குளத்துக்கே உரிய அந்தக் காட்டமான "குளோரின் நாற்றம்" ஓசோனுடையது அல்ல. சொல்லப்போனால் நல்ல நிலையில் உள்ள குளோரினுடையதும் அல்ல. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் நாற்றம் அது. கண் எரிவதற்கும் தொண்டை கரகரப்பதற்கும் அதுவே போதும். இந்த நாற்றம் அடிக்கும் தொட்டியில் ஓசோனை நிறுத்துவதால் நிலைமை மேம்படாது, மோசமாகவும் கூடும். தண்ணீரை மாற்றுவதும், இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிப்பதும்தான் அங்கே மருந்து. முகக்கவசம் பற்றியும் ஒரு வரி: துணியோ என்95 வகையோ, எதுவும் ஓசோனைத் தடுக்காது. அவை துகளுக்கானவை.

தோல் அரிப்பை ஓசோன் கணக்கில் எழுதுவது

எனக்குத் தெரிந்து மிக விலை கொடுக்க வைக்கும் தவறு இதுதான். ஓசோன் கருவியை "ரசாயனமே வேண்டாம்" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கும் தோல் மென்மையானது, குளோரின் வேண்டாம் என்று தோன்றுகிறது. குளோரினைக் குறைக்கிறோம். இரண்டொரு நாளில் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவந்த கொப்புளங்கள், குறிப்பாக நீச்சலுடை ஒட்டியிருந்த இடங்களில். "ஓசோனும் ஒத்துக்கொள்ளவில்லை" என்று இன்னும் குறைக்கிறோம். கொப்புளங்கள் கூடுகின்றன. அது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் தொற்று. கிருமிநாசினி போதாத வெந்நீர் அதற்குப் பிடித்த இடம்.

ஓசோன் தன்னைக் கடந்து குழாய்க்குள் ஓடும் நீரை மட்டுமே சுத்தம் செய்யும். தொட்டியின் சுவரிலும் குழாய் மூலைகளிலும் வழவழப்பாகப் படிந்திருக்கும் கிருமிப் படலத்தை அது தொடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உடம்பிலிருந்து இப்போது இறங்கிய கிருமியையும் அது உடனே எதிர்கொள்ளாது. அதனால்தான் ஓசோன் இருந்தாலும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெந்நீர்த் தொட்டிக்குச் சொல்லும் அளவுகள் மாறுவதில்லை: குளோரின் குறைந்தது 3 பிபிஎம், அல்லது அதற்குப் பதிலாகப் போடும் கிருமிநாசினியான புரோமின் குறைந்தது 4 பிபிஎம், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.0 முதல் 7.8 வரை.

அரிப்பு தொட்டியிலிருந்து எழுந்தவுடனே வருகிறது என்றால் வேறு பெயர்களைச் சந்தேகிக்க வேண்டும். தண்ணீரில் சேர்ந்த அழுக்கை ஒரேயடியாகச் சிதைக்கப் போடும், குளோரின் இல்லாத "ஷாக்" பொடிகளில் உள்ள பொட்டாசியம் மோனோபெர்சல்பேட் சிலருக்கு உண்மையான தொடு ஒவ்வாமையைத் தரும். தோல் மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம் இது. புரோமின் மாத்திரைகளும் சிலருடைய தோலுக்கு ஆகாது. இங்கே ஓசோனுக்கும் ஒரு மறைமுகப் பங்கு உண்டு: நீரில் உள்ள புரோமைடு உப்பை அது புரோமினாக மாற்றிக்கொண்டே இருக்கும். மாத்திரையை அளவாகத்தான் போட்டேன் என்று நினைத்திருப்பீர்கள், ஓசோன் கருவி இரவெல்லாம் ஓடி அளவைக் கூட்டியிருக்கும். சோதனைத் தாளை நனைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? அதைச் செய்யாமல் கருவியையே கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

தோலைவிடப் பெரிய ஆபத்து நுரையீரலில் இருக்கிறது. தொட்டியின் நீர்த்திவலைகளோடு போகும் லீஜியோனெல்லா பாக்டீரியா நிமோனியாவைக் கொண்டுவரும். காசநோய்க் கிருமியின் தூரத்து உறவினரான ஒரு மைக்கோபாக்டீரியம், "ஹாட் டப் நுரையீரல்" என்றே பெயர் பெற்ற அழற்சியை உண்டாக்கும்: இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல், எடைக் குறைவு. ஓசோன் தொந்தரவு தொட்டியை விட்டு விலகினால் ஓரிரு நாளில் தணிய வேண்டும். காய்ச்சல் சேர்ந்துவிட்டாலோ இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ அதை ஓசோன் என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது வெந்நீர்த் தொட்டியில் குளிப்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விகளில் அது இருக்காது.

கருவியோடு மல்லுக்கட்டும்போது

சந்தேகம் வந்ததும் தண்ணீரை மாற்றி, மாத்திரையை மாற்றி, ஓசோனையும் நிறுத்திவிட்டால், தொந்தரவு போனாலும் எதனால் போனது என்று தெரியாது. ஓசோனை மட்டும் நிறுத்திப் பாருங்கள். கிருமிநாசினியும் வடிகட்டலும் வழக்கம்போல் நடக்கட்டும். ஓசோனின் உதவி இல்லாததால் கிருமிநாசினி வேகமாகச் செலவாகும், எனவே அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் இருமல் நின்றதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

நிறுத்துவது என்றால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு நிறுத்துவது. கருவி ஓடும்போதே அதன் குழாயைப் பிடுங்கினால் தண்ணீருக்குப் போக வேண்டிய ஓசோன் முழுவதும் இயந்திரப் பெட்டிக்குள் நிரம்பும், அடுத்து நாம் தலையை நுழைக்கப்போவதும் அங்கேதான். அந்த மெல்லிய குழாய் நாளாக ஆக மொரமொரப்பாகி விரிசல் விடும். தண்ணீர் பின்வாங்காமல் தடுக்கும் வால்வும் கெட்டுப்போகும். இரண்டையும் மாற்றுவது சிறிய வேலை.

வேடிக்கை என்னவென்றால், பழி சுமக்கும் பல கருவிகள் ஓசோனையே உற்பத்தி செய்வதில்லை. ஓசோனை உண்டாக்கும் புற ஊதா விளக்கும் மின்பொறித் தகடும் வருடங்கள் போகப் போக வலுவிழக்கும். குமிழி மட்டும் வந்துகொண்டிருக்கும், ஏனெனில் அது வெறும் காற்று. குமிழியைப் பார்த்து ஓசோன் வருகிறது என்று சொல்ல முடியாது.

கருவி நன்றாக இருந்து, தொந்தரவும் அதனால்தான் என்று உறுதியானால், கழற்றுவதற்கு முன் நேரத்தைச் சரிசெய்து பாருங்கள். பல தொட்டிகள், நீரைப் பீய்ச்சும் ஜெட் பொத்தானை அழுத்தியதும் ஓசோனைத் தற்காலிகமாக நிறுத்திவிடும். எல்லாத் தொட்டிகளிலும் இந்த வசதி இல்லை. கையேட்டில் பாருங்கள். மாலையில் குளிப்பவர் வடிகட்டும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். இன்னும் சக்தி வாய்ந்த கருவி வாங்கினால் நீர் மேலும் சுத்தமாகும் என்று நினைப்பது இதற்கு நேர் எதிரான தவறு. நீரில் கலக்கப் போதிய நேரமும் இடமும் இல்லாவிட்டால் கூடுதல் ஓசோன் உங்கள் முகத்துக்குத்தான் வரும். ஈரக்காற்றை உறிஞ்சும் மின்பொறிக் கருவியில் சிறிது நைட்ரிக் அமிலமும் உண்டாகி பிஎச் அளவை இறக்கும். கண் எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஓசோனே வேண்டாம் என்று முடிவெடுத்து புற ஊதாக் கருவிக்கு மாறுபவர்கள் பெட்டியின் மேல் உள்ள அலைநீளத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். 254 நானோமீட்டர் ஒளி கிருமியை அழிக்கும், ஓசோனை உண்டாக்காது. 185 நானோமீட்டர் ஒளி காற்றில் பட்டாலே ஓசோன் பிறக்கும். பல ஓசோன் கருவிகளுக்குள் இருப்பதே அந்த விளக்குதான். "புற ஊதா" என்று மட்டும் அச்சிட்டு அலைநீளத்தைச் சொல்லாத பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.