கையால் தாய்ப்பால் எடுப்பது, பாலாடையில் புகட்டுவது: பிரசவ வீட்டில் உதவுபவர்களுக்கான செய்முறை

குறைமாதத்தில் பிறந்து சிறப்புப் பிரிவில் வைக்கப்பட்ட குழந்தை, தூக்கம் கலையாமல் மார்பைப் பிடிக்க மறுக்கும் குழந்தை, பால் கட்டிக்கொண்டு வலியில் துடிக்கும் தாய், விடுப்பு முடிந்து வேலைக்குக் கிளம்பும் தாய். எல்லோருக்கும் கைகொடுப்பது ஒரே வித்தைதான்: பாலைக் கையால் பீய்ச்சி எடுத்து, பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) புகட்டுவது. இதைத் தாய்க்காக மட்டும் எழுதவில்லை. பக்கத்தில் இருக்கும் அம்மா, மாமியார், கணவர் ஆகியோருக்கு இதில் பாதி வேலை இருக்கிறது. குழந்தை நேராக மார்பில் நன்றாகக் குடிக்கிறது என்றால் இதெல்லாம் தேவையில்லை. அதற்கு மிஞ்சியது எதுவும் இல்லை.

பம்ப் வாங்க உடனே ஓட வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாட்களில் வருவது சீம்பால். கெட்டியாக, மஞ்சளாக, சொட்டுச் சொட்டாக வரும். பம்ப்பில் எடுத்தால் அந்தச் சில சொட்டுகளும் குழாயிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். கை அவற்றை வீணாக்காது.

படி 1: பாத்திரங்கள்

வாய் அகன்ற எவர்சில்வர் கிண்ணம், அதற்கு மூடி, ஒரு பாலாடை. சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் கிடக்கவிட்டு எடுத்து, துணியால் துடைக்காமல் காயவிடுங்கள். தாய் கைகளைச் சோப்பால் கழுவினால் போதும். மார்பை ஒவ்வொரு முறையும் சோப்பால் கழுவினால் தோல் வறண்டு காம்பு வெடிக்கும்.

படி 2: முதுகில் தொடங்குங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானதும் இதுதான். பால் மார்பில் இருந்தாலும் தானாக வெளியே வராது. ஆக்ஸிடோசின் என்ற இயக்குநீர் சுரந்து பால் பைகளைச் சுருக்கினால்தான் வரும். பயம், வலி, அவமானம் எல்லாம் அதைத் தடுத்து நிறுத்தும். குழந்தையின் முகமும் அழுகையும் மணமும் அதைத் தூண்டும். குழந்தை சிறப்புப் பிரிவில் இருந்தால், அதன் புகைப்படத்தையோ அதைச் சுற்றியிருந்த துணியையோ தாயின் கையில் கொடுங்கள்.

பிறகு தாய் முன்னால் சாய்ந்து, மேசைமேல் கைகளை மடித்து வைத்து, அதில் தலையைச் சாய்த்துக்கொள்ளட்டும். மார்பு தளர்வாகத் தொங்க வேண்டும். நீங்கள் பின்னால் நின்று, முதுகெலும்பின் இரு பக்கமும் இரு கட்டைவிரல்களால் சின்னச் சின்ன வட்டமாக அழுத்தித் தேய்த்தபடி, கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்பு வரை இறங்கி வாருங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். சிலருக்கு இதிலேயே பால் சொட்டத் தொடங்கிவிடும். கணவருக்கு ஏற்ற வேலை, "நான் என்ன செய்வது?" என்று வாசலில் நிற்க வேண்டியதில்லை.

இன்னொரு வேண்டுகோள். கிண்ணத்தை எட்டிப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வி வரவிருந்த பாலையும் நிறுத்திவிடும். கிண்ணத்தின் மேல் ஒரு துணியைப் போட்டுவிடுங்கள், தாயும் பார்க்க வேண்டாம்.

படி 3: விரல் வைக்கும் இடம்

கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, நேரெதிராக. காம்பிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளி, பெரும்பாலும் கருவட்டத்தின் ஓரத்தில் வரும். முதலில் இரு விரல்களையும் விலா எலும்பை நோக்கி லேசாக உள்ளே அழுத்துங்கள். அப்படியே வைத்துக்கொண்டு, விரல்களை ஒன்றையொன்று நோக்கி அழுத்துங்கள். விடுங்கள். மறுபடியும் அழுத்துங்கள், விடுங்கள். தாய் தன் கையால் செய்வதுதான் நல்லது. எவ்வளவு அழுத்தம் என்று அவருக்குத்தான் தெரியும்.

முதலில் ஒன்றும் வராது. சில முறை அழுத்திய பிறகு சொட்டும், பிறகு பீய்ச்சியடிக்கும். விரல்கள் தோலின் மேல் வழுக்கி ஓடக் கூடாது. காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. மாட்டில் பால் கறப்பதுபோல் இழுத்தால் புண்தான் மிஞ்சும். வலித்தால் இடம் தவறு என்று அர்த்தம், விரலைச் சற்று நகர்த்துங்கள்.

ஓட்டம் குறையும்வரை மூன்று முதல் ஐந்து நிமிடம் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், மறுபடியும் முதல் பக்கம். விரல்களைக் கருவட்டத்தைச் சுற்றி நகர்த்திக்கொண்டே இருந்தால்தான் எல்லாப் பகுதியும் காலியாகும். மொத்தம் இருபது, முப்பது நிமிடம் ஆகும்.

குழந்தை மார்பில் குடிக்கவே இல்லை என்றால், பிரசவமான ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது எடுக்க வேண்டும். இரவிலும்தான். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். மார்பில் தேங்கிய பால் புதுச் சுரப்பைக் குறைக்கும், காலியாக்கினால் கூடும். பத்தியத்துப் பூண்டுக் குழம்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, செய்து கொடுங்கள். ஆனால் பூண்டைவிட அடிக்கடி பாலை எடுப்பதற்குத்தான் பலன். "பச்சை உடம்பு" என்று சொல்லித் தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்.

படி 4: பாலாடையில் புகட்டுதல்

நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பாலாடையும் சங்கும் பழக்கமானவை. ஆனால் காலை நீட்டி, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றும் பழைய முறையை விட்டுவிட வேண்டும். அதில் புரை ஏறிப் பால் நுரையீரலுக்குள் போகக்கூடும்.

குழந்தை விழித்திருக்க வேண்டும். கைகள் தட்டிவிடாதபடி துணியால் சுற்றி, மடியில் ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் வைத்து, கழுத்தையும் முதுகையும் ஒரு கையால் தாங்குங்கள். பாலாடையை முக்கால்வாசிக்குக் கீழே நிரப்பி, அதன் மூக்கைக் கீழுதட்டின் மேல், வாயின் ஓரமாக வையுங்கள். பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்து, விழுங்கும்வரை காத்திருங்கள். விழுங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த சாய்ப்பு. முகத்தைத் திருப்பினாலோ வாயை மூடினாலோ நிறுத்துங்கள். முடிந்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வையுங்கள்.

34 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைகளுக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றாகச் செய்யும் பக்குவம் பெரும்பாலும் வந்திருக்காது. அவர்களுக்குக் குழாயா பாலாடையா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

அளவு: முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும். ஒரு வாரத்துக்குப் பிறகு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி. மூன்று கிலோ குழந்தைக்கு 450 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 55 மில்லி சொச்சம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் கவலைப்பட வேண்டாம். குறைந்தாலோ, எழுப்பியும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தாய்க்கு மார்பு சிவந்து, காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலும் அப்படியே; பாலை எடுப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

பாலாடையில் சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், தேன் எதுவும் போகக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோய் வரக்கூடும். பால் புட்டியைப் பரிசாக யாராவது கொண்டுவந்தால் வாங்கி ஓரமாக வையுங்கள். புட்டிக்கும் பால் பவுடருக்கும் விளம்பரமோ இலவச மாதிரியோ தரக் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

படி 5: எடுத்த பாலை வைத்திருப்பது

அறை வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால் நான்கு மணி நேரம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கை நம்பாமல் சீக்கிரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அங்கே நான்கு நாள் வரை இருக்கும். கதவில் வைக்காமல் உள்பக்கம் தள்ளி வையுங்கள். ஏடு மேலே பிரிந்து நின்றால் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். சூடாக்க, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வையுங்கள். அடுப்பில் காய்ச்சவோ மைக்ரோவேவில் வைக்கவோ வேண்டாம். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

வேலைக்குப் போகும் தாய்க்கு

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் வந்திருக்கின்றன. பால் எடுக்கவும் அங்கே ஒதுங்கலாம்.

வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே, தாய் வெளியே போயிருக்கும் நேரத்தில் வேறொருவர் பாலாடையில் புகட்டிப் பழக்குங்கள். தாய் எதிரில் இருந்தால் குழந்தை மார்பைத்தான் தேடும். ஒவ்வொரு டப்பாவிலும் தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, பழையதை முதலில் எடுங்கள். மாலையில் அவர் வீடு திரும்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் பாலாடையால் வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். அவர் வந்து கைகால் கழுவியதும் குழந்தை நேராகக் குடித்தால், கட்டிய பாலும் இறங்கும், அன்று மாலை கையால் எடுக்கும் வேலையும் மிச்சம்.