பவர் ப்ளேயில் பக்கைத் துரத்தாதீர்கள், மட்டையைப் பாருங்கள்

ஐஸ் ஹாக்கியில் எதிரணி வீரர் ஒருவர் தண்டனையாக 2 நிமிடம் வெளியே உட்கார்ந்தால், கோல்கீப்பர்கள் நீங்கலாக, நால்வரை எதிர்த்து ஐவர் ஆடலாம். அதுதான் பவர் ப்ளே. நம் கிரிக்கெட் பவர் ப்ளே வேறு சமாச்சாரம். ஹாக்கி பவர் ப்ளேயின்போது பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) போகிற பக்கமெல்லாம் கண்ணை ஓட்டினால் தலைதான் சுற்றும்.

கோலுக்கு அருகே பனித்தளத்தில் இரு பக்கமும் வட்டம் வரைந்திருக்கும். கோலை நோக்கி இடப்பக்க வட்டத்தில் நிற்பவர் வலக்கை ஆட்டக்காரரா, அதாவது மட்டையை உடலின் வலப்பக்கம் வைத்து அடிப்பவரா என்று முதலில் கவனியுங்கள். ஆமென்றால், குறுக்கே வரும் பக்கை நிறுத்தாமல் வந்த வேகத்திலேயே அடிப்பதற்காகத்தான் பயிற்சியாளர் அவரை அங்கே நிறுத்தியிருக்கிறார். மட்டையின் முகம் ஏற்கெனவே கோல் பக்கம் திரும்பியிருக்கும். கோல்கீப்பர் இந்தக் கோடிக்கு நகர்ந்து சேர்வதற்குள் பக் வலைக்குள்!

கனடாவின் வின்னிபெக் ஜெட்ஸ் அணியில் ஆடியபோது பாட்ரிக் லைனேவுக்கு இதுதான் இடமாக இருந்தது. 2017-18 பருவத்தில், 19 வயதில், 44 கோல் அடித்தார். அதில் 20 பவர் ப்ளேயில் வந்தவை.

எதிரணியும் சும்மா இருக்காது, அவரை ஒட்டியே ஒருவரை நிறுத்தும். அப்போது உங்கள் பார்வை நடுவில் நிற்பவரிடம் போகட்டும். மிச்சமிருக்கும் மூவரால் நால்வரை மறிக்க முடியாது. அடுத்த பாஸ் பெரும்பாலும் அவருக்குத்தான்.