ஆப்ஷன் கோடு படிக்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பழைய அமெரிக்கக் கார்களில் இன்ஜின், நிறம், கூடுதல் வசதிகளைச் சொல்லும் ஆப்ஷன் கோடு (code) மட்டும் கையில் இருந்தால் போதாது. எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு, எந்த ஃபேக்டரி, எந்தத் தகடு என்ற நாலும் தெரிந்தால்தான் அதற்குப் பொருள்.

‘சி’ என்ற எழுத்தையே எடுங்கள். 1969 செவர்லே கமாரோவின் ட்ரிம் டேக்கில் (பாடி விவரம் பொறித்த தகடு) 03சி என்றால் மார்ச் மூன்றாம் வாரம். அதே காலத்து கிரைஸ்லர் ஃபெண்டர் டேக்கில் (அந்தக் கம்பெனியின் விவரத் தகடு) சி15 என்றால் டிசம்பர் 15: முதல் ஒன்பது மாதங்களுக்கு எண், அக்டோபர் முதல் ஏ, பி, சி. அதுவும் திட்டமிட்ட தேதிதான். வண்டி அன்றே முடிந்தது என்று சத்தியம் செய்ய முடியாது.

ஃபெண்டர் டேக்கை மேலிருந்து படிப்பது இன்னொரு தவறு. அடி வரியில் தொடங்கி மேலே போக வேண்டும். அங்கே இ74 என்றால் 426 ஹெமி இன்ஜின், டி21 என்றால் நாலு கியர் மேனுவல். நிறத்தில் எஃப்சி7 என்பது கிரைஸ்லரின் இரு பிராண்டுகளில் டாட்ஜில் பிளம் கிரேஸி, பிளிமத்தில் இன்-வயலட், பெயின்ட் ஒன்றேதான்.

வின் நம்பரில் (வண்டியின் அடையாள எண்) கமாரோவின் பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜான இசட்28-ஐத் தேடுவது வீண். 1969 கமாரோவில் 12437 என்பது வி8 கூபே என்று மட்டும் சொல்லும். ட்ரிம் டேக்கில் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருந்தால் இசட்28 உறுதி. ஆனால் எக்ஸ் கோடு நார்வுட் ஃபேக்டரி வழக்கம், அங்கும் 1968 டிசம்பர் வாக்கில்தான் வந்தது. இன்னொரு ஃபேக்டரியான வேன் நைஸ் வண்டியில் அது இல்லையென்று ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்கு.

எல்டி1 என்ற செவர்லே இன்ஜின் கோடுக்கு ஆண்டு முக்கியம். செவர்லே கார்வெட்டில் 1970-இல் 370 குதிரைத்திறன், 1971-இல் 330, 1972-இல் 255. கடைசிச் சரிவில் பெரும்பங்கு இன்ஜினுடையது அல்ல, கிராஸ் கணக்கை (வெறும் இன்ஜினை அளப்பது) விட்டு நெட்டுக்கு (துணைக் கருவிகளோடு அளப்பது) மாறியதுதான். 1992 எல்டி1 பெயரில் மட்டும் சொந்தம், இன்ஜின் புதிது.

சீட் ஸ்பிரிங்கிலோ பெட்ரோல் டேங்க் மேலோ பில்ட் ஷீட் (வண்டியின் கோடுகள் அச்சிட்ட ஃபேக்டரித் தாள்) கிடைத்தால் முதலில் வின் நம்பரை ஒப்பிடுங்கள். பக்கத்து வண்டியின் தாள் உள்ளே போனது உண்டு. இழுக்காதீர்கள், பொடிந்துவிடும். இருந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு ஸ்பிரிங்கை விலக்கித் தாளை விடுவியுங்கள்.

டேக் மேல் பெயின்ட் இருந்தால் வயர் பிரஷ் தொடவே கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் 8-உம் பி-யும் தனித்தனியாகத் தெரியும்.