உபத்திரவத்தில் வளர்வது எப்படி? முதலில் புலம்பக் கற்றுக்கொள்ளுங்கள்

உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும், பொறுமை பரீட்சையை, பரீட்சை நம்பிக்கையை என்று ரோமர் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியதை நம்மில் பலர் மனப்பாடமாகவே சொல்வோம். ஆனால் கஷ்டப்பட்ட எல்லோரும் பக்குவப்பட்டுவிடுவதில்லை. ஒரே மாதிரி இழப்பைச் சந்தித்த இரண்டு பேரில் ஒருவர் கனிந்திருப்பார், இன்னொருவர் கசந்துபோய் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாட்களை எப்படிக் கடக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். அதனால் ஏன் கஷ்டம் வருகிறது என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. 42 அதிகாரம் முடிந்தும் யோபுவுக்கே அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

முதல் வேலை, தவிர்க்க முடிகிற கஷ்டத்தைத் தவிர்ப்பது. இதைச் சொன்னால் சிலருக்கு விசுவாசக் குறைவாகத் தெரிகிறது. பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கி மதில் வழியாகத் தப்பித்தவர், எருசலேமில் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது நான் ரோமக் குடிமகன் என்று சட்டம் பேசியவர், தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர். சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடிவிட்டார். எனவே மருந்தைச் சாப்பிடுங்கள், கடன் விஷயத்தில் கணக்குத் தெரிந்தவரைப் பாருங்கள், மனம் ரொம்ப நாளாக இருண்டு கிடந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். கணவன் அடிக்கிறான் என்று அழுகிற பெண்ணிடம் "அது உன் சிலுவை, சுமந்துகொள்" என்று யாராவது சொன்னால், அது யாராக இருந்தாலும் சரி, அந்த ஆலோசனையை எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெண் பத்திரமான இடத்துக்குப் போகவேண்டும். தமிழ்நாட்டில் இருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். இயேசு சொன்ன சிலுவை அவரைப் பின்பற்றுவதால் வருவது, இன்னொருவன் செய்யும் குற்றத்துக்கு அந்தப் பெயரை வைக்கக்கூடாது.

அப்புறம் உடம்பு. சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கம், அடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும், அதுவும் இரண்டு தடவை. பேச்செல்லாம் ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். தூங்காமல் கொள்ளாமல் ஆஸ்பத்திரி வராண்டாவில் நாள்கணக்காக இருக்கும் ஒருவர் அதற்கு மேல் உபவாசமும் எடுக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இனி புலம்பல். நம் சபைகளில் துதிக்கக் கற்றுக்கொடுக்கிறோம், கேட்கக் கற்றுக்கொடுக்கிறோம், இதை மட்டும் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, இத்தனைக்கும் சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வகைதான். எப்படிச் செய்வது? 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனமும் முறையீடு, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்றுதான் ஆரம்பிக்கிறது. அடுத்த இரண்டு வசனத்தில் வேண்டுதல். கடைசி இரண்டில் நம்பிக்கை. ஒரு நோட்டில் "எதுவரைக்கும்" என்று எழுதி, அதன் பக்கத்தில் உங்கள் விஷயத்தை உள்ளபடியே எழுதுங்கள்: ஸ்கேன் ரிப்போர்ட், மகனின் குடி, தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் கல்யாணம், வட்டிக்காரரின் போன். "என் பாரங்கள்" என்று பொதுவாக எழுதினால் பிரயோஜனமில்லை. ஆண்டவர்மேல் கோபம் இருந்தால் அதையும் எழுதலாம், அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். அடுத்தது, என்ன வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். பிறகு எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள், வீட்டில் ஆள் இருந்தால் மொட்டைமாடிக்குப் போய் வாசியுங்கள்.

கடைசிப் பகுதியில்தான் பலர் திணறுவார்கள். நானோ உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்று சொல்ல அன்றைக்கு வரவில்லையா, சொல்லவேண்டாம். அப்படிப்பட்ட நாளுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. ஏமான் என்பவருடையது. மற்றப் புலம்பல்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது வெளிச்சத்துக்கு வந்துவிடும், இது வராது, தெரிந்தவர்கள் எல்லாம் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பல வாக்குத்தத்த வசனங்களைவிட ஆறுதல். இருளில் இருந்தாலும் அந்த மனுஷன் கர்த்தரைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறார். பக்குவம் என்று நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான், பேச்சை நிறுத்தாமல் இருப்பது. தினமும் ஒரே நேரத்தில், பத்துப் பதினைந்து நிமிஷம் போதும்.

இதை எடுத்துப்போடும் என்று திரும்பத் திரும்பக் கேட்பதில் தப்பில்லை. கெத்செமனேயில் இயேசுவே மூன்று தடவை ஜெபித்தார். பவுலும் தன் மாம்சத்திலுள்ள முள்ளுக்காக மூன்று தடவை வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அந்தப் பதிலை அவர் கேட்டுப் பெற்றுக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். கேட்பதற்கு முன்பே "எல்லாம் அவர் சித்தம்" என்று சொல்லி முடித்துவிடுவது பல நேரம் வெறும் களைப்புதான்.

கொஞ்ச நாள் போனபின், இருக்கிற இடத்திலிருந்தே செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையைப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தவர், அதற்குப் பிறகு 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். அங்கிருந்தே பல புத்தகங்கள் எழுதினார், தன்னைப்போலப் படுக்கையில் இருப்பவர்களுக்காக எழுதியதும் அதில் உண்டு. நம்மால் அந்த அளவு முடியாது, முடியவும் வேண்டாம். தனியாக இருக்கும் ஒரு பெரியம்மாவுக்கு வாரம் ஒரு போன், நான்கு பேருக்கு ஜெபம், அவ்வளவுதான். வலி நம்மை நம்மையே பார்த்துக்கொண்டிருக்க வைக்கும், இது தலையைக் கொஞ்சம் திருப்பும்.

ஆட்கள் விஷயத்தில் கறாராக இருங்கள். "ஏதாவது பாவம் இருக்கிறதா என்று பாருங்கள் பிரதர்" என்று ஒருவராவது வருவார். யோபுவின் சிநேகிதர்களும் அதைத்தான் சொன்னார்கள், கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல். நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள், வாதாட வேண்டாம். உண்மை முழுவதையும் சொல்ல இரண்டு பேர் இருந்தால் போதும். அவர்களிடம் "வந்து சும்மா உட்காருங்கள்" என்று வெட்கப்படாமல் கேளுங்கள், இயேசுவும் தன்னோடு விழித்திருக்கச் சொல்லி மூன்று பேரைக் கூட்டிக்கொண்டுதான் போனார். சாட்சி சொல்லச் சபையில் அவசரப்படுத்தினால், "இன்னும் முடியவில்லை, ஜெபியுங்கள்" என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது என்று சங்கீதக்காரன் தன்னைப் பற்றித்தான் சொன்னான், வேறு யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

பின்னால் என்றைக்காவது நீங்கள் இன்னொருவர் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும். தேவன் நமக்குத் தந்த ஆறுதலால் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்யும்படி என்று 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் இருப்பது அதுதான். போகும்போது சாப்பாடு எடுத்துக்கொண்டு போங்கள், பாத்திரத்தைத் திருப்பித் தரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "எனக்கும் இப்படித்தான்" என்று உங்கள் கதையை ஆரம்பிக்காதீர்கள், அவர்கள் கேட்டால் சொல்லலாம். ஜெபம் இரண்டு நிமிஷத்துக்குள் இருக்கட்டும், கிளம்பும்போது அடுத்து எந்தக் கிழமை வருவீர்கள் என்று சொல்லிவிட்டு, அந்தக் கிழமை போய் நில்லுங்கள்.