அஞ்சறைப் பெட்டிக்குள் சொந்தம் தேடும்போது வழுக்கும் இடங்கள்

செட்டிநாட்டுக் கோழிக்குழம்புக்கு வறுக்கும் சாமான்களை ஒரு தட்டில் கொட்டி, பரிணாம உறவுப்படி பிரிக்கச் சொன்னால், பலர் சோம்பையும் அன்னாசிப்பூவையும் ஒரே கூறில் போடுவார்கள். வாசனை ஒன்றுதானே! இரண்டிலும் மணப்பது அனெத்தோல் என்ற வேதிப்பொருள். ஆனால் இரண்டு குலங்களிலும் அது தனித்தனியே தோன்றியது. சோம்பு, சீரகம், கொத்தமல்லி மூன்றும் ஒரே குடும்பம். அன்னாசிப்பூவோ பூக்கும் தாவரங்களில் மிக முன்னரே பிரிந்த கிளை. (பூவும் அல்ல, உலர்ந்த காய்.)

பெயரையும் நம்பக் கூடாது. மிளகுக்குப் பட்டைதான் கிட்டத்துச் சொந்தம்; மிளகாய் கத்தரிக்காய் வகையறா.

இவற்றைவிட நுட்பமான தவறு, ஒரு பண்பு பொதுவாக இருந்தாலே உறவு என்று எண்ணுவது. மிளகாய்க்கும் அன்னாசிப்பூவுக்கும் விதையிலை இரண்டு, மஞ்சளுக்கு ஒன்று. அப்படியானால் மிளகாயும் அன்னாசிப்பூவும் ஒரு கூறா? இல்லை. மிளகாய் மஞ்சளுக்குத்தான் நெருக்கம். இரண்டு விதையிலை பூக்கும் தாவரங்களின் மூதாதையிடமே இருந்த பழைய சொத்து; அதை வைத்திருப்பது எந்தக் கிளையையும் தனித்துக் காட்டாது. மஞ்சள், ஏலக்காய், இஞ்சியின் ஒற்றை விதையிலைதான் பின்னால் வந்த மாற்றம். உறவுக்குச் சாட்சி சொல்வது இப்படிப் புதிதாக வந்து பகிரப்பட்ட பண்பு மட்டுமே. 1950இல் ஜெர்மன் உயிரியலாளர் வில்லி ஹென்னிக் வலியுறுத்தியது இதைத்தான்.

முன்னரே பிரிந்ததால் அன்னாசிப்பூவை ‘பழங்காலச் செடி’ என்பதும் பிழை. பொது மூதாதையிலிருந்து அதற்கும் மிளகாய்க்கும் கடந்த காலம் சமம்தான்.

கல்பாசிக்குத் தனிக் கவனம் வேண்டும். அது பாசியும் இல்லை, செடியும் இல்லை. பூஞ்சையும் பச்சைப் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன். அறிவியல் பெயர் பூஞ்சைக்கு உரியது. பூஞ்சையோ செடியைவிட விலங்குக்குக் கிட்டத்து உறவு. உறவு மரம் (எது எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் கிளைப்படம்) வரைய டிஎன்ஏ எடுக்கும்போது, தாவரங்களுக்குப் பயன்படும் ஆர்பிசிஎல் மரபணுவைக் கல்பாசியில் தேடினால் கிடைப்பது பாசியின் வரிசை. பூஞ்சைக்கு அந்த மரபணுவே கிடையாது. பூஞ்சைகளை இனங்காணப் பயன்படும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியை, பூஞ்சைக்கென வடிவமைத்த பிரைமரால் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) பெருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் கல்பாசியைத் தாவர மரத்துக்குள் நட்டால் மொத்தமும் கெடும்.

மரத்துக்கு வேர் வைக்க வெளிக்குழு, அதாவது பூக்கும் தாவரங்களுக்கு வெளியே உள்ள ஒரு செடி, தேவை. சவுக்கின் ஊசி போன்ற கிளைகளைப் பார்த்துப் பைன் இனம் என்று எடுத்துவிடாதீர்கள், அதுவும் பூக்கும் தாவரமே. பூக்காமல் விதை தரும் சைகஸ் சரியான தேர்வு.

மரம் வந்ததும் நுனிகளின் வரிசையைப் படிப்பது வழக்கமான குழப்பம். எந்தக் கணுவையும் (கிளை பிரியும் இடம்) சுழற்றலாம். மிளகுக்குப் பக்கத்தில் அச்சாகியிருப்பது உறவைச் சொல்லாது. இரு நுனிகளிலிருந்தும் கீழே இறங்கி, எந்தக் கணுவில் சேர்கின்றன என்று பாருங்கள். பூட்ஸ்ட்ராப்பை (தரவை மாதிரியெடுத்து மரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து, ஒவ்வொரு கிளையும் எத்தனை முறை வருகிறது என்று பார்க்கும் சோதனை) 1000 முறை ஓட்டி, 70 சதவீதத்துக்குக் கீழே நிற்கும் கிளைகளை உறவாகச் சொல்லாமல் ஒரே கணுவில் சேர்த்துவிடுங்கள்.